ஐந்தேகால் ஜீப்

செப்டம்பர் 1, 2025, திங்கள்

போடியில் எங்கள் தெருவுக்கு வந்து யாரையாவது கேட்டு, "அவுக மேலே போயிட்டாங்களே" என்று பதில் வந்தால் பதறிவிட வேண்டாம். மேலே என்றால் மலை. மலை என்றால் கேரளா. கீழே என்றால் போடி, தேவாரம், சிலமலை, எங்கள் வீடு, ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம். தமிழ்நாடு, கேரளா என்று முழுசாகச் சொல்வது அதிகாரிகளும் செய்தி வாசிப்பவர்களும்தான். எங்களுக்கு மேலே, கீழே என்ற இரண்டு சொல் போதும்.

நான் மேலே பூப்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் எடை எழுதுகிறேன். முதல் ஆறு வருஷம் காய்தான் எடுத்தேன். பி.காம். படித்துப் பாதியில் விட்டவள் என்று தெரிந்ததும் கணக்கு நோட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கூடப் படித்த தோழி ஒருத்தி, "தினமும் இன்னொரு மாநிலத்துக்குப் போய் வேலை பார்த்துட்டு ராத்திரி வீட்டுக்கு வர்றியே, அதை எழுதேன்டி" என்று ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். சரி, ஒரு வாரம் எழுதிப் பார்ப்போம்.

மூன்றேமுக்காலுக்கு எழுந்தேன். சோறு வடித்து, நேற்றைய குழம்பைச் சுடவைத்து, தூக்குச்சட்டியில் எனக்கு, டப்பாவில் மகனுக்கு. ஐந்தேகாலுக்கு தேவர் சிலைப் பக்கம் ஜீப் வந்துவிடும். பழைய கமாண்டர் வண்டி. முன்னால் டிரைவரோடு சேர்த்து நான்கு பேர், நடுவில் ஐந்து, பின்னால் எதிரெதிரே ஏழு. ஆக பதினாறு. கம்பெனிக்காரன் எத்தனை பேருக்கு என்று செய்தானோ, அதை யாரும் கேட்பதில்லை.

யாருக்கு எந்த இடம் என்பது எழுதி வைக்காத சட்டம். நான் நடுவரிசையில் ஜன்னலோரத்துக்கு அடுத்து. பின்கதவை ஒட்டிய மூலை ராசிங்காபுரத்து அக்காவுக்கு. எங்கள் வண்டியில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே கிடையாது, ஊரைச் சொல்லித்தான். சிலமலை மதினி, தேவாரத்துச் சித்தி, இப்படி. அக்காவுக்கு அறுபத்திரண்டு வயசு. டிரைவர் தம்பிக்கு மட்டும் அவர் அப்பத்தா.

முந்தல் சோதனைச்சாவடி தாண்டினதும் மலை தொடங்கும். போடிமெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வேலைக்குப் புதுசாக வருகிறவர்களுக்கு எலுமிச்சம்பழமும் ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்துவிடுவோம். பழகினவர்கள் முதல் வளைவுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவார்கள். வண்டி இடப்பக்கம் திரும்பினால் ஒரு வரிசைத் தலை முழுக்க வலப்பக்கம் சாயும். வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம். ஒருத்தரும் கண் திறப்பதில்லை. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் படம் பிடிக்கும் இடங்களை நான் பார்த்தது அநேகமாக அவர்கள் கார் எங்கள் வழியை மறித்த நாட்களில்தான்.

ஒன்று மட்டும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதிசயமாக இருக்கிறது. கீழே போடியில் வறண்ட காத்து, மண் பறக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி மெட்டைத் தொட்டால் வெள்ளை வெளேர் என்று மஞ்சு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிட, எங்கள் பக்கம் வெறும் காத்துதான் இறங்கும். கோடு எங்கே என்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். புலியூத்து தாண்டிக் கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலே, பதினைந்து பெண்களும் மடியில் மடித்து வைத்திருக்கும் முழுக்கைச் சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்வோம். எல்லாம் வீட்டுக்காரர்களின் பழைய சட்டை. அந்த நெரிசலில் பதினைந்து பேர் சட்டைக்குள் கை நுழைப்பதைப் பார்க்க வேண்டும்.

ஏழேகாலுக்குத் தோட்டம். எட்டு மணிக்கு வேலை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை. அட்டை. வேறு ஒன்றும் இல்லை.

சும்மா இருந்த நேரத்தில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஜீப்பில். மாதம் இருபத்துநான்கு நாள் வேலை என்றால் தொண்ணூற்றாறு மணி நேரம். அதாவது ராத்திரி பகல் சேர்த்து நாலு முழு நாள். கூலி எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. இறங்கி ஏறுகிற நேரம் எங்கள் கணக்கில். ஜீப் வாடகையைத் தோட்டம் கொடுத்துவிடுகிறது, அதனால் நாங்கள் வாய் திறக்க முடியாது என்று ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். சிலமலை மதினியிடம் கணக்கைக் காட்டினேன். "இதெல்லாம் எழுதி வச்சு என்ன செய்யப் போற? தூக்கம்தானே, வீட்ல தூங்குறதை வண்டியில தூங்குறோம்" என்றாள்.

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கு நம்ம வேலையைப் பற்றி.

ஏலக்காய் செடியின் தலையில் காய்க்கும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த தட்டைகளை விலக்கிவிட்டு, தரையோடு குந்த வேண்டும். வேர்ப்பக்கத்திலிருந்து சரம் மண்ணில் படர்ந்து கிடக்கும். அதில்தான் காய். ஒரு சரத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் விளையாது. விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு, பிஞ்சையும் பூவையும் அசைக்காமல் விட வேண்டும். ஒன்றரை மாதம் போல் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருவோம். அதனால் நாள் முழுக்கக் குந்தியே நகர்வதுதான் வேலை. மழைக்காலத்தில் இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, தலையில் சாக்குக் கொங்காணி. ராசிங்காபுரத்து அக்கா காயைப் பார்க்கவே மாட்டார். விரல் தொட்டதுமே தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் கட்டைவிரல் நகத்தால் ஒன்றைப் பிளப்பார்: உள்ளே விதை கறுத்திருந்தால் சரி, வெளுத்திருந்தால் அந்தச் செடியை விட்டுவிடலாம்.

நாலு மணிக்கு எடை. பச்சைக்காய் மூட்டை ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். நான் எண்ணை உரக்கச் சொல்லி எழுதுவேன், எடுத்தவர் காதில் விழ வேண்டும். வெயில் நாளில் தகராறு இல்லை. மழை நாளில்தான். காய் நனைந்திருக்கிறது, தண்ணிக்குக் கழிக்க வேண்டும் என்பார் சூப்பர்வைசர் சேட்டன். நனைந்தது காய் மட்டுமா, நாங்களும்தானே என்பார்கள் இவர்கள். நடுவில் நான். குறிப்பிட்ட எடைக்கு மேல் எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூடுதல் காசு உண்டு. அந்தக் கோட்டுக்கு இருநூறு கிராம் குறைந்தால் முகம் எப்படி ஆகும் என்பது எழுதுகிறவளுக்குத்தான் தெரியும். இன்றைக்கு அக்காவுக்கு முந்நூறு குறைந்தது. எப்போதும் கோட்டைத் தாண்டி நிற்கிறவர். ஒன்றும் பேசாமல் மூட்டையை உதறி மடித்து வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், அதையும் பார்த்தேன்.

பிறகு காயைக் கழுவி ஸ்டோருக்கு. ஒரு நாள் போல் சூட்டில் கிடந்து வெளியே வரும்போது ஐந்து கிலோ பச்சை ஏறத்தாழ ஒரு கிலோவாகச் சுருங்கியிருக்கும். அந்த மணத்தை முதல் மாதம் ரசித்தேன். இப்போது வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிகிறது, என் தலைமுடியில் பாயச வாசம் என்று.

ஸ்டோருக்குப் பின்னால் லயம் இருக்கிறது. வரிசை வீடுகள். ஒரு காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் குடியிருந்தது. இப்போது ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பங்கள். அவர்கள் ஊருக்குப் போவது வருஷத்துக்கு ஒரு தடவை, நாங்கள் தினமும். நாங்கள் ஜீப் ஏறும்போது அந்தப் பெண்கள் வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்த நேரத்தில் அவர்கள்மேல் பொறாமையாக இருக்கும். அவர்களுக்கு எங்கள்மேல் இருக்குமோ என்னமோ.

செப்டம்பர் 4, வியாழன்

நாளை திருவோணம், தோட்டம் லீவு. இன்றைக்கு மத்தியானம் எல்லோருக்கும் ஒரு டம்ளர் பாயசம் தந்தார்கள். எங்களுக்கு போனஸ் தீபாவளிக்கு. ஓணத்துக்குப் பாயசம் மட்டும்.

சீக்கிரம் கிளம்பினோம், சீக்கிரம் வீடு சேரவில்லை. மெட்டு தாண்டி இறங்கும்போது ஒரு வளைவில் பாறை உருண்டு ரோட்டில் கிடந்தது. முன்னால் இருபது வண்டி. ஜேசிபி வர இரண்டு மணி நேரம். போன வருஷம் காலையில் ஏறும்போது இப்படி நடந்து தாமதமாகப் போனோம். அரை நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். பாறை எங்களைக் கேட்டுக்கொண்டா உருண்டது? இறங்கும்போது உருண்டதால் இன்றைக்குக் காசுக்கு நஷ்டம் இல்லை என்று தேவாரத்துச் சித்தி சமாதானம் சொன்னாள்.

வண்டி நின்றால் வாய் ஓடும். எப்போதும்போல 2011 டிசம்பருக்குப் போய்விட்டார்கள். முல்லைப் பெரியாறு அணைச் சண்டை முற்றி, எல்லைச் சாலைகள் அடைபட்ட மாதம். நான் அப்போது வேலைக்கு வரவில்லை. மதினி அன்றைக்கு மேலே மாட்டிக்கொண்டவள். தோட்டத்திலிருந்து கும்பலாகக் கிளம்பி, ரோட்டை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள். வழியில் ஒரு மலையாள அம்மா கதவைத் திறந்து சுக்குக்காப்பி கொடுத்து, "வேகம் போ மோளே, ரோட்டுல போகண்டா" என்றாராம். மதினி இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த அம்மா குரலிலேயே சொல்வாள். பிறகு வாரக்கணக்கில் ஜீப் ஓடவில்லை. மேலே காய் பழுத்து உதிர்ந்தது, கீழே அடுப்பு எரியவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். அதனால்தான் கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துகொண்டார்கள் என்பது என் எண்ணம்.

கொரோனா எனக்கே தெரியும். 2020 மார்ச்சில் மலை மூடிவிட்டது. பிறகு பாஸ். கோவிட் ஜாக்ரதா என்று கேரளாவின் இணையதளத்தில் பதிய வேண்டும். வண்டியில் ஸ்மார்ட்போன் இருந்தது நாலு பேரிடம். பன்னிரண்டு பேருக்கு நான் பதிந்து கொடுத்தேன். தினமும் போய்வருகிற கூலிக்காரருக்கு அந்தப் படிவத்தில் பொருத்தமான இடம் எது என்று தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம். திரும்பும் நாள் என்ற கட்டத்தில் அதே நாளைப் போட்டால் ஏற்குமா என்று எங்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது.

அப்புறம் அரிக்கொம்பன். மேலே சின்னக்கானல், சாந்தம்பாறை பக்கம் அரிசிக்காகக் கடையையும் வீட்டையும் உடைத்த யானை. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் ஆகவில்லை, மே 27 அன்று கம்பம் டவுனுக்குள் நடந்து வந்துவிட்டது. 144 தடை போட்டார்கள். ஜூன் 5 அன்று மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பாவம், அதுக்கும் சாப்பாடு மேலே, படுக்கை கீழேன்னு ஆகிப்போச்சு. ஜீப்தான் கிடைக்கலை" என்றார் டிரைவர் தம்பி. சிரித்தோம். சிரித்து முடித்ததும் சக்கக்கொம்பன் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறதாம் என்று ஒருத்தி கேட்டாள். அது இன்னொரு யானை. பலாப்பழப் பிரியன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜேசிபி வந்து பாறையைத் தள்ளும்போது இருட்டிவிட்டது. கீழே போடியின் விளக்குகள் தெரிந்தன. அப்போதுதான் ராசிங்காபுரத்து அக்கா சொன்னார், யாரைப் பார்த்தும் சொல்லாமல், வெளியே பார்த்துக்கொண்டு: "நான் இனிமே வரலைத்தா. முட்டி மடங்க மாட்டேங்குது."

எல்லோரும் பேசிக்கொண்டிருந்தவர்கள். முந்தல் வரை ஒருத்தரும் பேசவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

லீவு. மூன்றேமுக்காலுக்கு விழிப்பு வந்துவிட்டது, பழக்கம்.

எங்கள் லீவுக் கணக்கும் தனி. மேலே ஓணத்துக்கு மூடுவார்கள், எங்கள் வீட்டில் ஓணம் கிடையாது. பொங்கலுக்கு மூன்று நாள் நாங்கள் கேட்டு வாங்க வேண்டும். ஓட்டுப் போடுவதிலும் இதே கூத்து. 2021 சட்டமன்றத் தேர்தல் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நாள், ஏப்ரல் 6, பிரச்சினை இல்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் கீழே ஏப்ரல் 19, மேலே ஏப்ரல் 26. பத்தொன்பதாம் தேதி எங்களுக்கு ஓட்டு, தோட்டத்துக்கு வேலை நாள். ஓட்டுப் போட்டோம், கூலி போச்சு. இருபத்தாறாம் தேதி தோட்டத்துக்கு லீவு, எங்களுக்கு ஓட்டு இல்லை. அன்றைக்கும் கூலி போச்சு.

மத்தியானம் என் அம்மாவைப் பார்க்கப் போனேன். அம்மா ஒரு ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கிறார். மேலே நான் பச்சையாக எடை போட்ட காய், உலர்ந்து, மலை இறங்கி, கீழே அம்மா முறத்துக்கு வருகிறது. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஒரு விலை, கீழே விழுவது ஒரு விலை, வெடித்தது ஒரு விலை. பிறகு ஏலம். ஒரு நாள் போடியில், ஒரு நாள் மேலே புத்தடியில் என்று மாறி மாறி. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை போனது. அந்த வருஷம் தோட்டக்காரர்கள் பலர் புதுக் கார் வாங்கினார்கள். 2021இல் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தபோது, நிலைமை சரியில்லை, கூலி உயர்வு கேட்காதீர்கள் என்றார்கள். ஏழாயிரம் விற்றபோது நாங்கள் ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசித்து என்ன.

எங்கள் ஊருக்கு ரயில் வந்ததே இந்தக் காயால்தான் என்பார்கள். 1928இல் வந்த பாதை. 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தி, மறுபடி ரயில் போடிக்கு வர 2023 ஜூன் ஆகிவிட்டது. இப்போது சென்னைக்கே போகிறது. மேலே போகத்தான் இன்னும் ஜீப்.

சாயங்காலம் பஸ் பிடித்து ராசிங்காபுரம் போனேன். அக்கா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பதினாலு வயசில் அப்பா அம்மாவோடு மேலே போனவர். அந்த லயத்தில்தான் கல்யாணம், அங்கேதான் இரண்டு பிள்ளைகள். மூத்தவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயசு வந்ததும், கீழே சொந்தமாக மூன்று சென்ட் இருக்கிறதே என்று இறங்கிவிட்டார். வேலை மட்டும் இறங்கவில்லை. அன்றிலிருந்து ஜீப்தான்.

பி.எஃப். பணம் எடுக்கணும், எழுதிக் கொடு என்றார். தாள்களைப் பார்த்தேன். மேலே பதிவேட்டில் மலையாளத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதின ஒரு பெயர், கீழே ஆதாரில் வேறொரு பெயர். பிறந்த வருஷமும் இரண்டு. மேலே நாற்பத்தெட்டு வருஷம் வேலை செய்தது யார், கீழே குடியிருப்பது யார் என்று இனி இரண்டு மாநிலத்து அலுவலகத்துக்கும் விளக்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அக்காவுக்குக் கோபமே வரவில்லை. "அவங்க எழுதுன பேரும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "ஏத்தா, என் குடை ஸ்டோர்ல ஆணியில தொங்குது. மறந்துட்டு வந்துட்டேன். நாளைக்கு எடுத்துட்டு வந்துரு."

செப்டம்பர் 6, சனி

பதினைந்து பேர். பின்கதவு மூலையில் யாரும் உட்காரவில்லை. நெரிசலான வண்டிதான், எதிர்வரிசையில் மூன்று பேர் முழங்கால் இடித்துக்கொண்டு வருகிறார்கள், ஆனாலும் யாரும் நகரவில்லை. புலியூத்து தாண்டினபோது யாரோ தூக்குச்சட்டியை அங்கே வைத்தார்கள். பிறகு இன்னொன்று. மெட்டு வரும்போது அந்த மூலை நிறையத் தூக்குச்சட்டி.

வேலை, மழை, எடை. இன்றைக்குச் சம்பள நாள். இரண்டு பேருக்கு முன்பணம் கழிக்க வேண்டியிருந்தது, அதைச் சொல்வதும் என் வேலைதான்.

குடை ஆணியிலேயே தொங்கியது. கறுப்பு, மரப்பிடி, இரண்டு கம்பி மாற்றித் தைத்தது. ஸ்டோரிலிருந்து ஜீப் வரை நூறு அடி, மழை கொட்டியது. என் குடையை மதினிக்குக் கொடுத்துவிட்டு அதை விரித்துக்கொண்டு ஓடினேன். வண்டியில் காலுக்கடியில் போட்டேன். போடிமெட்டில் மழை, வளைவு இறங்க இறங்கத் தூறல், முந்தலில் காய்ந்த ரோடு, காத்தில் புழுதி.

டிரைவர் தம்பி எனக்காக ராசிங்காபுரம் வரைக்கும் வண்டியைக் கொண்டுவந்தார். டீசல் காசு கேட்கவில்லை. போகிற வழியில், திங்கட்கிழமை ஒரு ஆள் குறைகிறது, யாராவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். சிலமலை மதினி தன் தங்கச்சி மகளைச் சொல்லியிருக்கிறாள்.

அக்கா குடையை வாங்கி விரித்துப் பார்த்தார். மடிப்புக்குள் இருந்த தண்ணீர் அவர் சேலை மேல் சிந்தியது.

"இங்க சொட்டு மழை இல்லை. நல்லா உதறிட்டுக் கொண்டாந்தா என்னவாம்?" என்று என்னைத் திட்டிக்கொண்டே, அதைத் திண்ணையில் காய வைத்தார்.